வெள்ளென எடுக்கவும்

"ஆவணி, செவ்வாய், காலை 6.40. இருபது துண்டும் ஒன்றாக உள்ளே. வெள்ளென எடுக்கவும்."

எங்கள் பட்டறையின் புதிய டீசல் உலைக்கு மேலே நான் ஒட்டிவைத்த தாள் இது. நிமிடம்வரை குறித்தவன் திகதியை விட்டுவிட்டேன். உலை வந்த முதல் வாரம் என்பது மட்டும் நிச்சயம்.

பதுளையில் உள்ள அந்தப் பட்டறை என் மனைவியுடையது. நான் யாழ்ப்பாணத்தான், கச்சேரி என்னும் அரச செயலகத்தில் எழுதுவினைஞன். அவள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள். பழைய லொறிகளின் வில் தகடுகளைக் காய்ச்சி அடித்து, தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்திகள் செய்வாள். முன்பெல்லாம் கரி உலையில் ஒவ்வொன்றாகத்தான். தோட்டங்கள் கூடுதலாகக் கேட்கத் தொடங்கிய பிறகே டீசல் உலையும் மோட்டார் சுத்தியலும் வந்தன.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கத்தியை உடைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். உடைந்த இடம் மாவுபோல இருந்தால் கத்தி உழைக்கும். ரவைபோல மின்னினால் முறியும். சூடு மிஞ்சினாலும் சரி, நெருப்பில் நெடுநேரம் கிடந்தாலும் சரி, மாவு ரவையாகிவிடும். இருபதை ஒன்றாக இட்டால், முதல் துண்டை அடித்து முடிக்கும்வரை மற்றவை உள்ளே வெந்துகொண்டு கிடக்கும். அதை எங்கோ வாசித்த ஞாபகத்தில்தான் தாளை எழுதி ஒட்டிவிட்டுக் கந்தோருக்குப் போனேன்.

மறுநாள் காலை, நான் புறப்படும் நேரம், உடைந்த கத்தியொன்றை நீட்டினாள். ரவை.

"புது உலைக்கு அப்படித்தான்போலன்னு வெள்ளையாகுற வரைக்கும் வச்சிருந்தேனே. நீங்கதானே எழுதி ஒட்டுனீங்க?"

"இஞ்சேரும், வெள்ளென எண்டால் நேரத்தோட எண்டெல்லோ!"

"அது எங்களுக்குத் தெரியாதா? வெள்ளன எந்திரிச்சேன்னு நாங்களுந்தான் சொல்லுவோம். உலை மேல எழுதிவச்சா? நெருப்புக்கிட்ட நிறத்தத்தானே பாப்பாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிக்கத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணன் நேத்து சாயந்தரமே ஒண்ண எடுத்துட்டுப் போயிருச்சுங்க."

அவளுடைய அண்ணன் கவ்வாத்துக்காரர். ஓங்கி வீசும் வேகத்தில் கத்தி முறிந்தால் துண்டு எங்கே பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. தொலைபேசியில் அழைத்தோம், மலையில் சிக்னல் இல்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

மச்சான் மலைச்சரிவில் நாலைந்து பேரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. என்ன மாப்ள, ஆபீசுக்கு மட்டமா?"

"கத்திய எடுண்ணே."

தயங்கித் தயங்கிச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்தார். முனையில் நாலு விரல் நீளம் இல்லை.

"கல்லுல பட்டுருச்சு. ஒங் கத்தி மேல ஒரு கொறையும் இல்ல."

"கவ்வாத்து வெட்டுற ஒசரத்துல கல்லு எங்கண்ணே இருக்கு? செடியில காய்க்குதா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "மாப்ள, இவளோட எப்படித்தான் காலந்தள்ளுறீங்களோ," என்றார் மச்சான். அவள் சிரிக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு புதுக் காயம். அதில் இரத்தம் நிற்கக் கோப்பித்தூள் அப்பியிருந்தது.

"இது?"

"வேலி முள்ளுக்கம்பி."

அவள் அந்தக் கையை உடனே விடவில்லை.

மீதிக் கத்திகளை சிவப்புவரை மட்டும் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டாள்; இப்படி மூன்று தரம் செய்தாள். பிறகு மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பதமேற்றி, ஒன்றை உடைத்தாள். மாவு. அன்று முதல் உலைக்குள் ஒரு தடவைக்கு ஆறு துண்டுகள்தாம். சனிக்கிழமை, நல்ல கத்தியொன்றைத் துணியில் சுற்றித் தன் கையாலேயே அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தக் காயம் கத்தித் துண்டு பட்டு வந்ததா, முள்ளுக்கம்பி கிழித்ததா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. மச்சானிடம் தனியாக இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் கம்பி என்றே சொன்னார். ஆனால் காட்டிய வேலி வேறு வேறு.