ரோடாவின் சக்கையும் கசோவாவின் வாத்தும்

கசோவாவின் வாத்து நிற்க முடியாமல் போய் இன்றோடு பதினொரு நாள். வெந்நீரில் மிதக்கவிட்டாள், எண்ணெய் தேய்த்தாள், துணியைக் கிழித்து இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். இரண்டடி தத்தி, மார்பு தரையில் இடிக்க விழுந்ததுதான் மிச்சம். எரிச்சலில் அதைத் திட்டினாள். திட்டியதற்காக அழவும் செய்தாள். மூத்தவன் பென்சனும் மற்ற மகன்களும் நைரோபிக்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவள் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் அதுதான். கணவர் வெகேசா ரேடியோவுக்கு மட்டுமே திரும்புவார்.

"இந்த மாசக் கடைசியில என் தம்பி வர்றான்," என்றார் அவர். "அதுக்குள்ள நடந்தா வாத்து. நடக்கலன்னா குழம்பு."

சைக்கிளில் வந்த கால்நடை உதவியாளர் வாத்தை விட்டுவிட்டுத் தீவனத் தட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"கோழிக்குஞ்சுத் தீவனமா?"

"கடையிலயே உசத்தியானதுங்க அது."

"கோழிக்கு உசத்தி. வாத்துக்குக் கால் நிக்க இன்னொரு சத்து கூடுதலா வேணும். ஈஸ்ட்ல இருக்கு. மாத்திரை டவுன்லயே தீந்துபோச்சு. பக்கத்து வீட்டு ரோடாவோட வாத்தெல்லாம் புசா பிழிஞ்ச, ஈஸ்ட் நிறைஞ்ச சக்கையத் தின்னே வளந்துச்சு. அதுங்க ஓடுறத நீங்க பாக்கலையா?"

பார்த்திருக்கிறாள். பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறாள். ரோடா முளைகட்டிய கேழ்வரகையும் மக்காச்சோள மாவையும் புளிக்கவைத்து, புசா என்கிற நாட்டு மது காய்ச்சி விற்பவள். கசோவாவோ கிறிஸ்தவ சபையின் பெண்கள் சங்கத் தலைவி. குடிகாரர்களின் மிச்சத்தை என் வாத்து தொடாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டுதான் கடைத் தீவனம் வாங்கினாள். போன செவ்வாய்க்கிழமை, சங்கம் கொடுத்த புகாரில், ஊர் அதிகாரியான சீஃப்பின் ஆட்கள் வந்து ரோடாவின் பானைகளை உடைத்துப் போட்டார்கள்.

வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோடாவின் முற்றத்தில் போய் நின்றாள். ரோடா சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"கொஞ்சம் சக்கை இருந்தா..."

"எங்க இருக்கும், பென்சன் அம்மா? எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டினாங்க. நீங்க கரையில நின்னு பாட்டுப் பாடினீங்களே, அப்பவே கொஞ்சம் அள்ளியிருக்கலாம்."

கசோவாவுக்கு முகம் எரிந்தது. இந்தப் பதினொரு நாளும் யார் மேலாவது கோபப்பட ஆள் தேடிக்கொண்டிருந்தாள். இப்போது ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் அவளேயாக இருந்துதொலைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"புதுசா போட்டா எத்தனை நாள் ஆகும்?"

"எட்டு நாள். ஒரு பானை மிச்சமிருக்கு. யாராவது போட்டுக்குடுத்தா அதுவும் போயிரும்."

"நான் குடுக்க மாட்டேன்."

"நீங்க குடுக்க மாட்டீங்க. உங்க சங்கம்?"

வாத்து அக்குளுக்குள் காலை உதறியது. அதில் வலுவே இல்லை. கசோவா பாதை தெரிகிற பக்கமாக ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தலையிலிருந்த சங்கத்தின் வெள்ளைத் துணியை அவிழ்த்து, மடியில் விரித்து, வாத்தை அதன்மேல் வைத்தாள்.

"மாவ ஊற வை ரோடா. வழிய நான் பாத்துக்கறேன்."