முழங்கை மெத்தை

பல் செட்டு செய்யும் ஒரு பட்டறையில் அவளுக்குப் பதினெட்டு ஆண்டு அனுபவம். வாய் அச்சிலிருந்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்பின் மேல் மெழுகு வைத்து, அதில் பற்களை ஒவ்வொன்றாக நடுவாள். ஒரு முடி அளவு சாய்ந்தாலும் மறுபடி சூடுகாட்டி நிமிர்த்துவாள். அதனால் சைக்கிள் குழுவில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர் விழுந்தது. கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

நாற்பத்து மூன்று வயதில், உடம்பு இளைக்கட்டும் என்றுதான் ஓட்ட ஆரம்பித்தாள். உடம்பு இளைக்கவில்லை, சைக்கிள்தான் இளைத்தது. மூன்றே ஆண்டில் மெல்லிய சக்கரமும் முன்னால் இரண்டு கொம்புபோல் நீளும் ஏரோபாரும் உள்ள டைம் ட்ரையல் சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. டைம் ட்ரையல் போட்டியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். முன்கைகளை ஏரோபாரின் இரண்டு கிண்ணங்களில் வைத்து, முதுகைத் தாழ்த்தி, காற்றுக்கு இடம் கொடுக்காமல் மிதிக்க வேண்டும். கைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருப்பது உள்ளங்கை அகல மெத்தை ஒன்றுதான்.

அந்த மெத்தைதான் வில்லங்கமானது. இருபது கிலோமீட்டரில் பன்னிரண்டைத் தாண்டியதும் இடது சுண்டுவிரல் குறுகுறுக்கும். பிறகு மோதிர விரலும் மரத்துவிடும். கையை எடுத்து உதறுவாள், நிமிர்வாள், வேகம் குறையும், மறுபடி குனிவாள். போன முறை ஒன்பது தடவை உதறினாள் என்று வழியில் நின்ற ஒருவர் எண்ணிச் சொன்னார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடேன்," என்றார் கணவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "உனக்கா பல்லுக்குப் பஞ்சம்?"

சிரித்தாள். ஆனால் திங்கட்கிழமை பட்டறையில், முன்பல் ஒன்றை நடும்போது மெழுகுக் கத்தி விரலிலிருந்து நழுவி விழுந்தது. கத்தி கையை விட்டுப் போனதே அவளுக்குத் தெரியவில்லை, தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. அன்று வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு டிகிரி அண்ணன் என்று பட்டப்பெயர். படித்து வாங்கிய டிகிரி இல்லை. எதைக் கேட்டாலும் "ரெண்டு டிகிரி ஏத்துங்க, மூணு டிகிரி இறக்குங்க" என்பார்.

"இருக்கிறதிலேயே மெத்துன்னு இருக்கிறதைக் குடுங்கண்ணா."

அவர் மூன்று வகையை மேசையில் வைத்தார். "இது ஜெல். இது தடிமனான ஸ்பாஞ்சு, ரெண்டு சென்டிமீட்டர். இது ஒரு சென்டிமீட்டர்தான், கெட்டி. நான் சொன்னா கேப்பியாம்மா?"

"கேக்கமாட்டேன். கை வலிக்கிறது எனக்குத்தானே?"

தடித்த ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே அமுங்கியது. அதையே வாங்கிக்கொண்டாள்.

முதல் ஐந்து கிலோமீட்டர் சொர்க்கம். பிறகு ஸ்பாஞ்சு வேர்வையைக் குடித்து அமுங்கியது. கை கிண்ணத்தின் அடிவரை இறங்கி, ஓரத்து விளிம்பு சதையில் வெட்டியது. விரல் முன்பைவிடச் சீக்கிரம் மரத்தது. தோளும் சேர்ந்து வலித்தது.

"பழசே பரவாயில்லை போல," என்றாள் வீட்டுக்கு வந்து.

கணவர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு உள்பக்கம் சிவந்திருந்தது. "எரியறதைப் பிடுங்கினாத்தானே கொதிக்கிறது அடங்கும்? எங்க எரியுதுன்னே தெரியாம நீ பாட்டுக்கு மெத்தையை மாத்திக்கிட்டே இருந்தா?"

அந்தப் பேச்சு அவளை ஒரு நாள் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதானே அவளுடைய பிழைப்பே. செட்டு குத்துகிறது என்று யாராவது திரும்பி வந்தால், மருத்துவர் அதன் உட்புறத்தில் வெள்ளைப் பசை தடவி வாயில் வைத்து எடுப்பார். பசை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் அழுத்தம். அந்த இடத்தை மட்டும் இவள் ராவிக் கொடுப்பாள். செட்டு முழுவதையும் மெத்தென்று ஆக்கிவிட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்தப் பசைக் குழாய் ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்தாள். பின்னறையில், பின்சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிய சைக்கிளின் மெத்தைகளை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே பசையை மெல்லிசாகப் பூசினாள். ஏறிக் குனிந்து பத்து நிமிடம் மிதித்தாள். கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"மெத்தைக்கு பவுடர் போட்டு எங்கே அனுப்பப் போற?"

அவள் பசை கலையாதபடி கைகளை நேரே மேலே தூக்கிவிட்டு இறங்கினாள். மெத்தையின் நடுவில் பசை அப்படியே இருந்தது. அவள் பக்கத்து ஓரத்தில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வட்டம் சுத்தமாக அழிந்திருந்தது. கையில் எந்த இடம் அங்கே பட்டது என்று வைத்துப் பார்த்தாள். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்குமே, அதே இடம். அவள் உடம்பின் பாரம் முழுவதையும் அந்த எலும்புமேல் வைத்து ஓட்டியிருக்கிறாள்.

மறுநாள் பசையை அழிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டிகிரி அண்ணனிடம் போனாள். அவர் பசைத் தடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கிண்ணத்தை முன்னால தள்ளணும். எலும்பு வெளியே நிக்கணும், சதை மெத்தையில உக்காரணும். எத்தனை முன்னாலன்னு..."

"ரெண்டு சென்டிமீட்டர்," என்றாள். அளந்தே வந்திருந்தாள்.

"ரெண்டு டிகிரி உள்பக்கமாவும் திருப்பு."

அதை மறுக்கவில்லை. கெட்டியான ஒரு சென்டிமீட்டர் மெத்தையை வாங்கினாள். மெத்தை மெலிந்ததால் கை தாழுமே என்று, கிண்ணத்தின் அடியில் அதே உயரத்துக்கு வளையங்கள் வைத்து முடுக்கித் தந்தார். அன்று மாலை மறுபடி பசை பூசிப் பார்த்தாள். இம்முறை அழிந்த தடம் நீளவாக்கில், முன்கையின் அகலத்துக்கு, எங்கும் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. முதலில் உட்கார்ந்தபோது கட்டாந்தரைபோல்தான் இருந்தது. நாலு நாள் ஓட்டியதும் அதன் நினைப்பே வரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போட்டி. வெயில் ஏறுமுன் நெடுஞ்சாலையில் ஒரு பக்கத்தை மறித்திருந்தார்கள். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் ஒருமுறை மட்டும் கையை எடுத்தாள், பிரேக் பிடிக்க. வரும்போது எதிர்க்காற்று. கால் எரிந்தது, வாய் உலர்ந்தது, கழுத்து கனத்தது. பதினேழாவது கிலோமீட்டரில் சுண்டுவிரலை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் இல்லை. கடைசி மூன்று கிலோமீட்டரில் அவளுக்குப் பின்னால் கிளம்பிய இருபத்து நாலு வயதுப் பெண் அவளைக் கடந்து போனாள்.

முப்பத்து நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. முன்பைவிட நாற்பத்தெட்டு நொடி குறைவு. ஒன்பது பெண்களில் நாலாவது.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டார் கணவர், தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி.

"கை இருக்கு. கால்தான் இல்ல."

வீட்டில் குளிக்கும்போது வலது முன்கையில் எரிந்தது. மெத்தையின் தையல் ஓரம் தோலைக் கொஞ்சம் உரசியிருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, கத்திரிக்கோலால் மெத்தையில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறை வெட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தாள்.