விற்றமின் போத்தலுக்குள் போன குளிசை

மருந்துக் கடைக் கவுண்டர் என்பது இரண்டு பக்கமும் சந்தேகத்தோடு ஆட்கள் நிற்கும் ஒரு மேசை. சத்தியமாகச் சொல்லுகிறேன், தெருவுக்குக் கேட்கச் சத்தம் போட்டே சொல்லுகிறேன்: இனி வரப்போவதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை! கொச்சிக்கடை அந்தோனியார் மேல் ஆணை, வெள்ளவத்தைப் பிள்ளையார் மேல் ஆணை, போதாதென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேலும் ஆணை. நான் வெள்ளவத்தைக் காலி வீதியில் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் ஏறி நின்ற நாளில் கடல் இப்போது இருப்பதைவிட ஒரு ஒழுங்கை தள்ளி இருந்தது. ஒருவர் தெருவில் இருமினால் எந்த ஃபிளாட், எத்தனையாம் மாடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மாடியில் மட்டும் இரண்டொரு தரம் பிழைவிட்டிருக்கிறேன்.

நான் மருந்தாளர் இல்லை. அது வதனி மிஸ். குளிசையைப் பார்ப்பது அவர் வேலை, ஆட்களைப் பார்ப்பது என் வேலை. டொக்டரின் மருந்துத் துண்டைக் கையில் பிடித்தபடி, இது என்னைச் சுகமாக்கவா, தீர்த்துக்கட்டவா என்று யோசித்துக்கொண்டு வரிசையில் நின்ற என் சக பாவங்களே, இது உங்களுக்காகத்தான்.

சுற்றிப் போகும் குளிசை

எங்கள் கடைக்கு எதிர் ஒழுங்கை ஃபிளாட்டில் பவளம் இருக்கிறார். கூடவே மகள் தாரணி, பவளத்தின் தமையன் கனகலிங்கம். தாரணி ஒரு காப்புறுதிக் கந்தோருக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வருகிறவள். அவளுக்கு ஒற்றைத் தலையிடி. அது வந்தால் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தாயின் குரல் கூடவே கூடாது. டொக்டர் எழுதிக் கொடுத்தது அமிட்றிப்டிலின், பத்து மில்லிகிராம், இரவில் ஒன்று. வதனி மிஸ் எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார். வாய் காயும், வயிறு இறுகும், காலையில் தலை மந்தமாக இருக்கும், அது எப்படிப் பிடிக்கிறது என்று தெரியும்வரை ஸ்கூட்டியைத் தொடவேண்டாம், மதுவோடு சேராது, குணம் தெரியச் சில கிழமை செல்லும், சுகம் வந்துவிட்டது என்று தன்பாட்டில் பட்டென்று நிற்பாட்டவும் கூடாது.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் தாய் பவளம் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தார். அதில் மனச்சோர்வு மருந்து என்று போட்டிருந்தது. வதனி மிஸ் பொறுமையாகச் சொன்னார்: "ஓம் அக்கா, அதுக்கும் குடுக்கிறதுதான். பழைய மருந்து. சின்ன அளவிலை குடுத்தால் தலையிடி வராமல் தடுக்கும், நரம்பு எரிவையும் குறைக்கும். மனசுக்குக் குடுத்தாலும் அதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை." பவளத்துக்கு அது காதில் ஏறவில்லை. டொறொன்ரோ மாப்பிள்ளை ஒருவருக்குக் கதை போய்க்கொண்டிருந்த நேரம் அது. பெட்டைக்கு மனவருத்தம் என்று ஒரு சொல் வெளியில் போனால் சம்பந்தம் அதோடு சரி. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, இடிக்கிறது தலைதானே? பிறகேன் உந்தக் குளிசை மனசைச் சுத்திப் போகுது?"

கொட்டாஞ்சேனையிலிருந்து பஞ்சு வாங்க

சாதகம் பொருந்துகிறதா என்று சாத்திரியாரிடம் கேட்பார்கள். மற்றதெல்லாம் மருந்துக் கடையில் கேட்பார்கள். நம்பாதவர்கள் ஒரு கிழமை என்னோடு வந்து நில்லுங்கள். அப்படித்தான் ஒரு அம்மா வந்து ஒரு பக்கற் பஞ்சு கேட்டார். சீலை மடிப்புக் கலையவில்லை, கையில் பெரிய பை, கண் கடையின் நாலு மூலைக்கும் போய் வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்ததாகத் தானாகவே சொன்னார். கொட்டாஞ்சேனையில் பஞ்சுக்குத் தட்டுப்பாடா? எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. பவளம் சொன்ன, கொட்டாஞ்சேனையில் இருக்கிற மாப்பிள்ளையின் பெரியம்மா!

"எதிர் ஃபிளாட் பவளத்தைத் தெரியுமோ? அவை இஞ்சை என்ன மருந்து வேண்டுறவை?" என்று பஞ்சைப் பார்த்தபடி கேட்டார். ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது கடைச் சட்டம். சொல்லாமல் நின்றால் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது ஊர்ச் சட்டம். நான் இரண்டுக்கும் நடுவில் புகுந்து, அவர்கள் வாங்குவது நுளம்புத்திரி மட்டும்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். பெரியம்மா கண்ணைச் சுருக்கினார். "அப்ப வீட்டிலை நுளம்பு கூடவோ? டெங்கு ஆருக்கும் வந்ததோ?"

பெயர் மாற்றச் சொன்ன தாய்

அடுத்த முறை குளிசை வாங்கப் பவளமே வந்தார். டொக்டர் இப்போது அளவைக் கூட்டி இருபத்தைந்து ஆக்கியிருந்தார். தலையிடியும் அடங்கத் தொடங்கியிருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டில் அலுமாரி திறப்பார்கள், குளியலறைக்குப் போகிற சாட்டில் தட்டுத் தட்டாகப் பார்ப்பார்கள் என்றார். ஆகவே கடதாசி உறையில் 'விற்றமின்' என்று எழுதித் தரச் சொன்னார். வதனி மிஸ் பேனையை மூடி வைத்தார். "அக்கா, பேர் மாத்தி வைச்ச குளிசையை ஆர் எடுத்துப் போடுவினம் எண்டு சொல்லேலாது. இது கூடிப்போனால் இதயத்தைப் பிடிக்கும். பேரோடை, உயரத்திலை, பூட்டி வையுங்கோ."

பவளம் தலையாட்டினார். பிறகு ஒரு போத்தல் விற்றமினும் வாங்கினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. சத்துக் குளிசை வாங்குகிறவர்கள் அதில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்பார்கள். பவளம் போத்தல் மூடி எவ்வளவு இறுக்கம் என்று திருகிப் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்டேன். "நீங்கள் பொலிஸிலையே அண்ணை வேலை செய்தனீங்கள்?"

தடிமனோடு வந்த தாரணி

பெண் பார்க்கும் ஞாயிறுக்குச் சில நாள் முன்னம் தாரணி தும்மிக்கொண்டு வந்து தடிமன் குளிசை கேட்டாள். நான் எடுத்து வைக்கப்போக வதனி மிஸ் என் கையைத் தட்டினார். நித்திரையாக்கும் தடிமன் குளிசை இதோடு சேர்ந்தால் மயக்கமும் வாய் காய்வதும் இரண்டும் ஏறும் என்று விளக்கி, வேறொன்று எடுத்தார். "எந்தக் கடைக்குப் போனாலும், எந்த டொக்டரிட்டைப் போனாலும் முதல் இந்தக் குளிசையின்ரை பேரைச் சொல்லவேணும், தங்கச்சி."

தாரணி சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்தாள், சிரிப்பு அரைவாசியில் நின்றது. வீட்டில் பெயர் சொல்லவே விடுகிறார்கள் இல்லை என்றாள். "மிஸ், எனக்கு இப்ப தலையிடி குறைவு. ஆனா ஒவ்வொரு நாளும் களவெடுத்த சாமான் மாதிரி அதை விழுங்குறன்."

மாமாவின் உசார்

அந்த ஞாயிறு பின்னேரம் கடை ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். பவளம். பின்னால் கோப்பைச் சத்தம், ஆட்கள் கதைக்கிற சத்தம். "அண்ணை, சும்மா ஒரு கேள்வி. வயசான ஆள் ஒருத்தர் விற்றமின் கொஞ்சம் கூடக் குடிச்சால் என்ன செய்யும்?" சும்மா கேட்கிறவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வதனி மிஸ்ஸைக் கூப்பிட்டேன். துண்டு துண்டாகக் கதை வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் உசாராக இருக்கவேண்டும் என்று கனகலிங்கம், மத்தியானச் சாப்பாட்டோடு தட்டிலிருந்த விற்றமின் போத்தலைத் திறந்து நாலு குளிசை விழுங்கியிருக்கிறார். சத்துத்தானே, கூடினால் என்ன! இப்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிவிட்டது, கண்மணி பெரிசாகிவிட்டது, சலம் கழிக்கப் போனவர் கழிக்க முடியாமல் திரும்பி வந்து, பெரியம்மாவை இன்ஸ்பெக்டர் என்று நினைத்துத் தன் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பூச்சாடிக்குத் தேத்தண்ணியும் ஊற்றினாராம்.

நான் சிரித்துவிட்டேன். வதனி மிஸ் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றது. "அக்கா, அவருக்கு புறொஸ்ரேற் கரைச்சலும் இருக்கெல்லோ? அந்தப் போத்தலுக்குள்ளை என்ன இருந்தது? உள்ளதைச் சொல்லுங்கோ." மறுபக்கம் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. "விற்றமின்தான்..." என்றார் பவளம், அழுகிற குரலில். ஒரு பக்கம் மகளின் கலியாணம், மறுபக்கம் கூடப் பிறந்தவனின் உயிர்; அந்த மனிசி இரண்டையும் ஒரு சொல்லில் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போது ஃபோன் கை மாறியது. தாரணி ஒளிக்காமல், அந்த ஹோல் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "மிஸ், அது விற்றமின் இல்லை. அமிட்றிப்டிலின், இருபத்தஞ்சு. நான் தலையிடிக்குக் குடிக்கிறது. மாமா நாலு போட்டிட்டார். இப்ப நாங்கள் என்ன செய்யவேணும்?"

அம்புலன்ஸில் ஏறியவர்

வதனி மிஸ் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தெளியும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், விரல் விட்டுச் சத்தி எடுக்க வைக்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணி கரைக்க வேண்டாம், தனிய விடாதீர்கள், போத்தலைக் கொண்டுபோய் உள்ளே இருந்தது இன்னது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளவத்தையின் எல்லா பல்கனியும் கடல் பக்கம் திரும்பியிருப்பதை விட்டுவிட்டு அன்று அந்த ஒழுங்கைப் பக்கம் திரும்பின. கட்டடங்களே திரும்பின என்றால் நம்புங்கள். போத்தலைப் பிடித்துக்கொண்டு முதலில் அம்புலன்ஸில் ஏறியது பெரியம்மா. சாட்சிப் பொருளைக் கையை விட்டுப் போக விடமாட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

கனகலிங்கத்துக்கு ரியூப் போட்டுச் சலம் எடுத்து, நெஞ்சில் வயர் பூட்டி, இதயம் ஒழுங்காக அடிக்கிறதா என்று விடியும்வரை பார்த்தார்கள். தப்பிவிட்டார். நாங்கள் பார்க்கப் போனபோது நடந்ததைப் பவளம் ஒன்றும் விடாமல் அவருக்குச் சொன்னார். அவர் நம்பவில்லை. என்னைக் கிட்ட வரச்சொல்லி இரகசியமாகச் சொன்னார்: "உந்த விற்றமின்காரரை நம்பாதை. நாலு குடிச்சும் ஒரு சத்தும் ஏறேல்லை."

டொறொன்ரோவின் ஒரு கேள்வி

அடுத்த கிழமை பெரியம்மா மறுபடி வந்தார். இந்த முறை பஞ்சு கேட்கவில்லை. சம்பந்தத்தை முறிக்க முன்னம் கடைசி விசாரணை என்று நான் முடிவுகட்டி, ஒரு பொய்யை நாக்கு நுனியில் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் நேரே வதனி மிஸ்ஸிடம் போய், பிள்ளை பெறுகிற காலத்தில் அந்தக் குளிசை குடிக்கலாமா என்று கேட்டார். மிஸ் சொன்னார்: "அதை அந்தப் பிள்ளையும் டொக்டரும் முன்கூட்டியே கதைச்சு முடிவெடுப்பினம். என்னட்டைக் கேக்காதேங்கோ, அவவிட்டைக் கேளுங்கோ."

"அவளிட்டைக் கேட்டாச்சு," என்றார் பெரியம்மா. "நான் வேண்டாமெண்டுதான் நிண்டனான். தாய் போத்தல் மாத்தினவ, நாளைக்கு என்னத்தை மாத்துவாவோ? ஆனா தாரணி விடேல்லை. 'என்ரை குளிசையைப் பற்றி நானே சொல்லவேணும்' எண்டு பெடியனை வீடியோவிலை கூப்பிட்டு எல்லாம் சொல்லிப்போட்டாள். அவன் ஒரு கேள்விதான் கேட்டவன், உமக்குத் தலையிடி வந்தால் நான் என்ன செய்யவேணும் எண்டு. அவள் சொன்ன மறுமொழிக்கு அவன் சிரிச்ச சிரிப்பிலை இஞ்சை ஃபோன் ஆடினது. வாற தையிலை கலியாணம்." அவள் அப்படி என்ன சொன்னாள் என்று நானும் வதனி மிஸ்ஸும் ஒரே நேரத்தில் கேட்டோம். பெரியம்மா தாரணியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "லைற்றை நூத்துப்போட்டு, வாயை மூடிக்கொண்டு, பக்கத்திலை இரும்."

ஆகவே என் சக பாவங்களே, குளிசையைச் சந்தேகப்படுகிறவன் மருந்தாளரைக் கேட்டுத் தப்பிவிடுகிறான், ஊர் வாயைச் சந்தேகப்படுகிறவன்தான் அம்புலன்ஸ் பிடிக்கிறான் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது ஆர் என்று ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதேங்கோ, கலியாணச் சாப்பாடு இன்னும் வரவிருக்கிறது.