அரக்கு முத்திரைக்கு ஒரு சிரட்டை

"...அண்ணே தொடாதேன்னு சொன்னாக, நான் தொடலைங்க. ஒரு நூல் சிட்டத்தைக்கூட எடுத்து உதறலை" என்று செல்லூர் நூல்கடை பாய், மதராஸிலிருந்து வந்த கம்பெனி அதிகாரியிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அண்ணே நான்தான். அவர் கடைக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுத்த ஏஜெண்டு.

தீப்பிடித்த அன்று கடையின் கூரை முழுக்கப் போய்விட்டது. தெருவே கூடிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றியதில், அடியில் கிடந்த நூல்கட்டுகள் எரியாமல் நனைந்ததோடு தப்பின. "வெளிய எடுங்க பாய், தெருவுல காயப்போட்டா அம்புட்டும் தேறிரும்" என்று தறிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான்தான் மறித்தேன். சரக்கை ஒளித்துவிட்டு நஷ்டம் கேட்கிறார் என்று பாயைக் கம்பெனி சந்தேகித்துவிடக் கூடாதே என்ற பதைப்பு எனக்கு. அதிகாரி வந்து பார்க்கிறவரை இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று, பூட்டின்மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். வைக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"கூரையில்லாத கடைக்குக் கதவுல சீலு பாரு மாப்ள!" என்று ஒரு தறிக்காரர் சிரித்தார். பாய்தான் அவரை அதட்டினார்.

தந்தி கொடுத்தேன். ஆள் வருகிறார் என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை, ஐப்பசி மழைதான் வந்தது. போய்ப் பார்த்தால், அரக்கு நனையாதபடி பாய் பூட்டின்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். உள்ளே நூல் ஊறுகிற வாடை தெருவரைக்கும் அடித்தது. அப்போதாவது முத்திரையை உடைத்திருக்கலாம். "இந்தா வந்துருவாக பாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது அதிகாரி முத்திரையை உடைத்து உள்ளே போய், மக்கிய கட்டைக் குடைநுனியால் குத்திப் பார்த்தார். "எரிஞ்சதுக்குக் கம்பெனி கொடுக்கும். மக்கினதுக்குக் கொடுக்காது. மிஞ்சின சரக்கைக் காப்பாத்துறது சொந்தக்காரர் பொறுப்பு."

"முத்திரை வச்சது நான் சார். உங்களுக்காகத்தான் அவரு காத்திருந்தாரு."

"ஏஜெண்டுக்கு ஏதுய்யா அந்த அதிகாரம்?"

சீக்கிரம் வந்து பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்க வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன். அதிகாரி ஜட்கா ஏறிப் போனார்.

கதவு திறந்து கிடந்தும் பாய் அதுவரை வாசலைத் தாண்டவில்லை. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"இனித் தொடலாமாண்ணே?" என்றார்.

நான் தலையாட்டிய பிறகுதான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.