அக்கா கட்டிய வளைகாப்புப் பாட்டு

எங்கள் வீட்டு வளைகாப்புகளில் பாடப்படும் பாட்டைக் கட்டியவள் என் அக்கா. இதைச் சென்ற மாதம்தான் வாய்திறந்து சொன்னேன்.

அக்கா சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டாள். என் மனைவியின் வளைகாப்புக்காக அந்தப் பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, உறவுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று காலை, "நீ உள்ளேயே இரு அக்கா. நாலு பேர் பேசுவாங்க" என்றேன். இத்தனைக்கும் அப்போது நான் கல்லூரி ஆசிரியன். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பாடினாள். பிறகு யார் கேட்டாலும் அம்மாவின் பாட்டு என்றே சொல்லிவந்தேன்.

சென்ற மாதம், நாங்கள் இப்போது வசிக்கும் மராத்தி நகர்ப்பகுதியான வாகட்டில், எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் பேத்திக்கு வளைகாப்பு. பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, பாட்டு யாருடையது என்று இந்தியில் விசாரித்தார். பேத்தி என்னைப் பார்த்தாள்.

"மேலே வீட்டுல இருக்காளே என் அக்கா, அவளோடதும்மா" என்றேன்.

பேத்தி வளையல்களை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். நானும் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தைப்பாட்டி, உங்க பாட்டாமே! கீழே வாங்க, வளையல் போட்டுக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "நாலு பேர் பேச மாட்டாங்களாடா?"

"அவங்கள்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்கக்கா."

"நீ இருக்கியே."

ஆனாலும் கையை நீட்டினாள். பேத்தி சோப்பு தடவிப் பார்த்தாள். வீங்கிய விரல் முட்டிகளைத் தாண்டி வளையல் ஏறவில்லை.

"விடும்மா, உடைஞ்சிடும்" என்றாள் அக்கா.

எனக்கு அழுகை வரவில்லை. சோப்பு நுரையைத் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.