இரண்டாவது நட்சத்திரம்

அட்டவணை எதுவானாலும், அச்சுக்குப் போகுமுன் ஓர் எண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, சுற்றியுள்ள எண்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பாள். புள்ளியியல் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'கட்டைவிரல் அக்கா'.

அன்று வார்டுவாரியான தொழில் கணக்கு வெளியாக வேண்டும். ஒரு வார்டில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றே ஒன்றுதான். ஒரே நிறுவனம் என்றால் அதன் ஆட்கணக்கை மறைத்து நட்சத்திரம் போடுவது விதி. போட்டுமிருந்தார்கள். ஆனால் அடியில் வார்டின் மொத்தம் பல்லிளித்தது. மற்ற தொழில்களைக் கழித்துப் பார்த்தால், ஐஸ் தொழிற்சாலையில் மிஞ்சியிருப்பவர்கள் சொற்பம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

"வெளிய தெரிஞ்சா ஆர்டர் குடுக்கிறவன் எல்லாம் ஓடிடுவான்மா" என்று கணக்கெடுப்பின்போது அதன் முதலாளி கெஞ்சியிருந்தார். யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

"சார், இன்னொரு வரியையும் மறைக்கணும்."

அதிகாரி தொலைபேசியைப் பொத்திக்கொண்டு கத்தினார். "அச்சகத்துக்காரன் வாசல்ல நிக்கிறான்! உன் கட்டைவிரலுக்கு இன்னிக்கு ஒருநாள் லீவு குடேன்மா!"

"அந்த ஐஸ் முதலாளி பிழைப்புல மண்ணைப் போட்டுடாதீங்க சார்."

முறைத்தார். பிறகு, "சட்டுனு முடி" என்றார்.

அடுத்த வரி தையல் கடைகள். ஏராளமான கடைகள், மறைக்க அவசியமே இல்லாத கணக்கு. அதற்கும் ஒரு நட்சத்திரம் போட்டாள்; இனி மொத்தத்திலிருந்து கழித்தாலும் இரண்டும் சேர்ந்த எண்தான் கிடைக்கும். அட்டவணை அச்சுக்குப் போனது.

அந்த எண்ணைக் காட்டித்தான் தங்கள் தெருவுக்குப் பேருந்து கேட்கத் தையல்காரர்கள் காத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் அவளுக்குத் தெரியவந்தது.