ஊசிக்கு அடங்காத கிருமி

அறுபத்தொன்பதாம் வருடத் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் வீட்டுக்கு வீடு ஃப்ளூ காய்ச்சல். மெட்டில்டா நர்ஸாக இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்தார்கள். அவள் குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவள். லீவு கிடைக்காததால் வீட்டில் கைக்குழந்தையைக் கணவன் யேசுதாசன்தான் பார்த்துக்கொண்டான்.

பெருங்களத்தூர் சாம்பசிவன் பஸ் கண்டக்டர். காய்ச்சல் இறங்கி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியாகிவிட்டது. மனைவி சரசு கொண்டுவந்த இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிட்டான். அன்று சாயங்காலம் உடம்பு தூக்கிப்போட்டது. சளியில் ரத்தம் வந்தது. உதடு நீலம் பாரித்தது.

"ஃப்ளூ போறப்ப நுரையீரலைத் திறந்து போட்டுட்டுப் போயிடுச்சு. வேற கிருமி நுழைஞ்சிருக்கு," என்றார் டாக்டர் தோத்தாத்ரி. "பென்சிலின் போடுங்க, சிஸ்டர்."

போட்டாள். அளவைக் கூட்டியும் போட்டாள். மறுநாள் அவன் மூச்சுக்குத் தவித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டே இறந்தான்.

அடுத்து பக்கத்துக் கட்டில் பெரியவர். பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி. மூவரும் தேறிவந்தவர்கள். டாக்டர் சளியைப் பட்டணத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார்.

"பென்சிலினையே தின்னுடற கிருமியாம்," என்றார் சோதனை முடிவு வந்ததும். "இது வெளியிலேர்ந்து வரல. இங்கயே வளர்ந்தது."

நர்ஸுகள் எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் மெட்டில்டாவை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தும்மல்கூட இல்லையே, டாக்டர்."

"உங்கள ஒண்ணும் பண்ணாது. உங்க மூக்குல சும்மா குடியிருக்கு. நீங்க குடுத்தீங்களா, வார்டு உங்களுக்குக் குடுத்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது."

வீட்டுக்குப் போனவள் தவழ்ந்து வந்த குழந்தையைத் தூக்காமல் நின்றாள்.

"ஏன் அப்படி நிக்கற?" என்றான் யேசுதாசன்.

"இனிமே உங்க பக்கத்துலயே படுக்க வெச்சுக்குங்க."

கார்பாலிக் சோப்பால் கழுவிக் கழுவி அவள் கை வெடித்தது. வெடிப்பில்தான் கிருமி சுகமாக இருக்கும் என்று டாக்டர் அதட்டினார். மூக்கில் களிம்பு தடவியதில் கிருமி போயிற்று. சில வாரத்தில் திரும்ப வந்தது. அவளைத் துணி வெளுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அவள் போன பிறகும் வார்டில் சாவு நிற்கவில்லை.

ஒரு நாள் சரசு அங்கே தேடிக்கொண்டு வந்தாள்.

"கடசி மூச்சு வரைக்கும் நீதான் அவர் கையப் புடிச்சிகினு இருந்தியாமே, அக்கா. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மெட்டில்டா எட்ட நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், முடியவில்லை. சரசுவின் முகத்தில் கோபமில்லை.

"அப்ப உன் கொழந்த?" என்றாள்.

குழந்தைக்கு அந்தக் கோடையில் அதே கிருமியால் தொடையில் பெரிய கட்டி வந்தது; கீறி எடுத்ததில் தழும்போடு பிழைத்தது.

வருடக் கடைசியில் புது மருந்து வந்தது. அதற்குக் கிருமி அடங்கியது. மெட்டில்டாவை மறுபடி வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள், டாக்டர் தோத்தாத்ரி மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கும் அது பழகிடும், சிஸ்டர். எப்பன்னுதான் தெரியல."

அவள் முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மருந்தை ஊசியில் ஏற்றினாள்.